கேள்வி பதில்: தஞ்சைக் கோட்டைக்குள் ஒரு நாள் நடை

தெலுங்கரும் மராட்டியரும் வந்து குடியேறிய தஞ்சைத் தெருக்களை ஒரே நாளில் நடந்து பார்க்க முடியுமா? அரண்மனையில் தொடங்கலாம் என்றிருக்கிறோம். (வாசகி, மன்னார்குடி)

முடியும். ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் அரண்மனையில் தொடங்காதீர்கள். ஒன்பது மணிக்கு உள்ளே போனால் வெளியே வரப் பன்னிரண்டாகிவிடும். அதற்குள் கோயில்கள் நடை சாத்தியிருப்பார்கள், மறுபடி திறக்க மாலை நான்காகும்.

ஆறரைக்கெல்லாம் பெரிய கோயிலில் இருங்கள். வருகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திருச்சுற்றின் தென்மேற்குப் பக்கம் போங்கள். அங்கே சுவர் நெடுக மராத்தி எழுத்து. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803-ல் வெட்டுவித்த, தம் போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு அது. ராஜராஜனின் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள அதே கோயிலில், பின்னால் வந்தவர்களும் எண்ணூறு ஆண்டு கழித்துத் தங்கள் கதையைக் கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். பத்து மணிக்குமேல் தளக்கல் சுடும். காலுறை கைவசம் இருக்கட்டும்.

அடுத்து மேல வீதி. அங்கே கோயில் கொண்டுள்ள பங்காரு காமாட்சி அம்மனே குடிபெயர்ந்து வந்தவள்தான். படையெடுப்புக்கு அஞ்சிக் காஞ்சியிலிருந்து எடுத்து வந்த திருமேனி அது. இங்கே பூசை செய்த, கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி அம்பாளைப் பாடியது பெரும்பாலும் தெலுங்கில். அதே வீதி வடக்கு வீதியைத் தொடும் மூலையில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் கட்டிய மூலை அனுமார் கோயில். இரண்டையும் பதினொன்றரைக்குள் முடித்துவிடுங்கள். உச்சி வெயிலுக்கு அரண்மனையை வைத்துக்கொள்ளலாம், நிழல் உண்டு. அங்கேயே உள்ள சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தை விட்டுவிட வேண்டாம்.

வெயில் தாழ்ந்ததும் கீழ அலங்கம் பீரங்கி மேட்டுக்குப் போங்கள். தெலுங்கு நாயக்க மன்னர் ரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கி. பக்கத்தில் நின்று குழலைக் கவனியுங்கள். இது வார்த்ததில்லை. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையம் வளையமாகப் போட்டு அடித்து இறுக்கியது. வளையங்களின் விளிம்பு கண்ணுக்கே தெரியும்.

தெருப் பெயரை வைத்தே யார் இருந்த இடம் என்று சொல்லிவிடலாமா? (வாசகர், திருவையாறு)

ஓரளவுக்குத்தான். அலங்கம் என்றால் கோட்டை மதில். நான்கு அலங்கத் தெருக்களையும் தொடர்ந்து நடந்தால் கோட்டையின் எல்லை பிடிபட்டுவிடும். மானோஜியப்பா வீதி மராட்டியத் தளபதி பெயரில் வந்தது. டபீர்குளத்தில் உள்ள டபீர், எழுத்தர் பதவியைக் குறிக்கும் பாரசீகச் சொல், மராட்டிய நிர்வாகத்தோடு இங்கே வந்தது. மானம்புச்சாவடி என்ற பகுதிப் பெயர், மகர்நோன்புச்சாவடி என்பது தேய்ந்து வந்தது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், யாரோ ஒருவர் பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

வீட்டுப் பலகையில் ‘ராவ்’ என்றிருந்தால் உடனே மராத்தி என்று முடிவுகட்ட வேண்டாம். தெலுங்கு, கன்னடக் குடும்பங்களிலும் ராவ்கள் உண்டு. திண்ணை பழையதாக இருந்தாலும் வீடு குடியிருப்பு. குரல் கொடுத்து, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

அன்றைக்கே சௌராஷ்டிர நெசவாளர் தெருக்களையும் பார்த்துவிடலாமா? (வாசகர், பாபநாசம்)

வேண்டாம், இரண்டும் அரைகுறையாகிவிடும். அந்த நெசவாளர்கள் இருக்கும் தாராசுரத்துக்குத் தனியாக ஒரு காலைப் பொழுது ஒதுக்குங்கள். கும்பகோணத்தை ஒட்டியே இருப்பதால் உங்கள் ஊரிலிருந்து பேருந்திலேயே போய்விடலாம். தறிக்குழிக்குப் பக்கத்தில் நிற்கும்போது பையும் துப்பட்டாவும் பாவில் (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளில்) உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டிழை அறுந்தால் நெசவை நிறுத்திவிட்டு அறுந்த இழையைத் தேடிப் பிணைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் நெசவாளரின் கூலியில்தான் போகும்.