வாசகர் கேள்வி: உளுந்து அரைக்கையில் நின்றுபோன மிக்ஸி

கேள்வி: சென்னையிலிருந்து வாங்கி வந்த 750 வாட் மிக்ஸி, உளுந்து அரைக்கும்போது சூடாகிச் சட்டென்று நின்றுவிட்டது. இப்போது சுவிட்சைத் திருப்பினால் சத்தமே இல்லை. மோட்டார் போய்விட்டதா? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அவசரப்பட்டு மிக்ஸியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மோட்டார் எரிந்திருந்தால் காயிலின் வார்னிஷ் கருகிய நெடி காட்டிக்கொடுத்திருக்கும். பெரும்பாலும், சுமை கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு சுவிட்ச்தான் விழுந்திருக்கும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். கால் மணி நேரம் ஆறவிட்டு அழுத்துங்கள். சூடு தணியாமல் அழுத்தினால் மறுபடி விழும். பிறகு ஜார் வைக்காமல் சில நொடி ஓட்டிப் பாருங்கள்.

ஓடினால் கோளாறு ஜாரிலோ அரைத்த விதத்திலோ இருக்கிறது. காலி ஜாரைக் கவிழ்த்து, அடியிலுள்ள கப்ளரை (மோட்டாரோடு இணையும் பல்துண்டை) விரலால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். இறுகியிருந்தால் மாவு உள்ளே இறங்கி, கத்தியின் அச்சைத் தாங்கும் புஷ்ஷைப் பிடித்திருக்கிறது. ஜார் சரியாக இருந்தால் உளுந்தை அரை ஜாருக்கு மேல் போடாமல், தண்ணீர் தெளித்து, விட்டுவிட்டு அரையுங்கள்.

பொத்தானை அழுத்தியும் ஓடவில்லையா? பிளக் பக்கம் வாருங்கள். சிங்கப்பூரின் மூன்று முள் பிளக்கினுள் ஃபியூஸ் உண்டு, அது போயிருக்கலாம். 750 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 3.3 ஆம்பியர், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். இந்தியாவின் உருண்டை முள் பிளக்கைப் பயண அடாப்டரில் செருகிப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதை இன்றே நிறுத்துங்கள். பிடிப்பு தளர்ந்து, சூட்டில் பிளாஸ்டிக் உருகும். பாதுகாப்பு முத்திரையுள்ள 13 ஆம்பியர் மூன்று முள் பிளக்கை மாட்டுங்கள். கம்பிகளில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பழைய வயரென்றால் சிவப்பு, கறுப்பு, பச்சை.

அதற்குப் பிறகும் ஓடாவிட்டால் கார்பன் பிரஷ்தான் அடுத்த சந்தேகம். பிளக் சுவரில் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, அடித்தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். மோட்டாரின் இரு பக்கமும் ஸ்பிரிங்குடன் ஒவ்வொரு கரித்துண்டு இருக்கும். தேய்ந்து அரை சென்டிமீட்டர் நீளமே மிச்சமிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அழுத்தம் சமமாக இருக்காது, பொறி பறக்கும். பழைய துண்டைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அகலமும் தடிமனும் மில்லிமீட்டர் பிசகினாலும் பொருந்தாது.

மிக்ஸியைப் போட்டதும் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். மிக்ஸியின் உடம்புக்கு மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: மோட்டார் மேலுள்ள ரப்பர் கப்ளரின் பற்கள் உடைந்துவிட்டன. எவ்வளவு திருகியும் கழலவில்லை. – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: திசையை மாற்றிப் பாருங்கள். ஓடும்போது தானாக இறுகும்படிதான் மரை வெட்டியிருப்பார்கள். அதனால் மோட்டார் எந்தப் பக்கம் சுழல்கிறதோ, அதே பக்கம் திருப்பினால்தான் கப்ளர் கழலும். பிளக்கைக் கழற்றி, அடித்தகட்டைத் திறந்து, அச்சின் கீழ்நுனி அசையாமல் பிடித்துக்கொண்டு திருகுங்கள். புதியதைக் கையிறுக்கமாக மாட்டினால் போதும்.