கரடி, காட்டெருமை எல்லாம் ஊருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட்டுவிடுவதுதானே நியாயம்?

எந்தக் காட்டில்? நான் கோத்தகிரிக்காரன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலை, அதைத் தாண்டி ஒரு துண்டு சோலை, அதற்கப்புறம் மறுபடி வீடுகள். இதில் ஊர் எது, காடு எது என்று எனக்கே தெரியாது.

தெருக்கோடியில் சின்ன மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. மூன்று வருடம் முன்பு ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் கதவு பெயர்ந்து கிடக்கிறது. உண்டியலில் கை வைக்கவில்லை. எண்ணெய் கேன் மட்டும் சப்பையாகக் கிடந்தது. குத்துவிளக்கு, புளி போட்டுத் தேய்த்தது மாதிரி பளபளவென்று நின்றது. கரடி நக்கிவிட்டுப் போயிருக்கிறது. "எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்று பூசாரி சிரித்தார். அடுத்த வாரமும் வந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. கூண்டு கேட்டு மனு எழுதினோம், நானும் கையெழுத்துப் போட்டேன். பிடித்துக்கொண்டு போனார்கள். மழைக்காலம் முடிவதற்குள் இன்னொரு கரடி.

வராமல் என்ன செய்யும்? எண்ணெய் அங்கேயேதான் இருந்தது. பலாச்சக்கையையும் ஊசிப்போன சாம்பாரையும் கொல்லையில் கொட்டிக்கொண்டிருந்தது சாட்சாத் நான்தான். விருந்து வைத்தவன் நான், கூண்டுக்குள் போனது அது. இப்போது பூசாரி ராத்திரியில் எண்ணெயை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார். எங்கள் வீட்டில் மூடி போட்ட டிரம். கரடி இன்னும் வருகிறதுதான், ஆனால் நிற்பதில்லை.

யானைக்காவது பேச ஆள் இருக்கிறது. முதுமலைப் பக்கம் யானைகள் நடக்கிற சீகூர் வழித்தடத்தை அரசு அறிவித்தது சட்டப்படி செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லி, அங்கிருந்த ரிசார்ட்டுகளைக் காலி செய்யச் சொன்னது. கரடிக்கு அப்படி வரைபடத்தில் கோடு போட்டுத் தர முடியாது. அது தேயிலைச் செடிக்கு நடுவிலேயே படுத்துக்கொள்ளும்.

அதனால்தான் 'விலங்கோடு சேர்ந்து வாழப் பழகுங்கள்' என்று லேசாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பக்கத்தில் எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருக்கும் அக்கா ஒருவர் பனி விலகும் முன்பே இலை பறிக்கக் கிளம்புகிறார். செடிக்குள் கரடி இருந்தால் எதிரே நிற்கப்போவது அவர், ஜன்னலில் நின்று போட்டோ எடுக்கும் நான் இல்லை. அவர் கேட்டது கூண்டு இல்லை. பாதையோரப் புதரை வெட்டி, ஒரு விளக்குப் போட்டால் போதும் என்றார்.

புதரை நாங்களே வெட்டிவிட்டோம். கூண்டு, மனு கொடுத்த எட்டாவது நாள் வந்தது. விளக்குக்கு மனு கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. கம்பம் நட்டிருக்கிறார்கள்.