மாதக் கட்டணம் கட்டி வருகைக் கணக்கு வாங்க வேண்டுமா?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். இணையதளம் அமைத்துத் தந்த நிறுவனம், மாதம் இரண்டு லட்சம் 'ஹிட்ஸ்' வருவதாக அறிக்கை அனுப்புகிறது. வருகையாளர்களை ஆராய்ந்து சொல்ல மாதந்தோறும் 3,500 ரூபாய் கேட்கிறது. ஆர்டரோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வருகிறது. கட்டணம் கட்டலாமா?
– வாசகி, மதுரை

பதில்: இந்த அறிக்கையை நம்பிக் கட்ட வேண்டாம். ஹிட் என்பது ஆள் கணக்கு அன்று. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அதிலுள்ள ஒவ்வொரு படமும் கோப்பும் சர்வரிடமிருந்து தனித்தனியாகப் பெறப்படுகிறது. அப்படிப் பெறப்படும் ஒவ்வொன்றும் ஒரு ஹிட். முகப்பில் 50 சேலைப் படங்கள் இருந்தால், ஒரே ஒருவர் ஒருமுறை எட்டிப் பார்த்தாலே கணக்கு ஐம்பதைத் தாண்டிவிடக்கூடும். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் வந்து போவதும் இதில் சேரும். இந்த எண்ணை வைத்துப் பணம் கேட்பது முறையன்று என்றே கருதுகிறேன்.

உங்களுக்குத் தேவையான கணக்கு இலவசமாகவே கிடைக்கிறது. தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிட்டுக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற கருவியின் வழக்கமான பதிப்புக்குக் கட்டணம் இல்லை. எந்தச் சொல்லைத் தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலுக்கும் இல்லை. அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதிய தரவைச் சேகரிப்பதை நிறுத்திவிட்டதால், உங்கள் தளத்தில் அந்தப் பழைய பதிப்பின் நிரல்துண்டே கிடக்கிறதா என்று நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி, அந்த அனலிட்டிக்ஸ் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. உங்கள் சொந்த ஜிமெயில் முகவரியில் கணக்கைத் தொடங்கி, நிர்வாகி உரிமையை நீங்கள் வைத்துக்கொண்டு, வேலை செய்பவர்களுக்குத் தேவையான அளவு அனுமதி மட்டும் கொடுங்கள். நிறுவனத்தின் பெயரில் இருந்தால், ஒப்பந்தம் முடியும் நாளில் உங்கள் கடையின் முழு வரலாறும் அவர்கள் கையில் நின்றுவிடும். தரவு வைத்திருக்கும் காலம் இயல்பாக 2 மாதம் என்றே இருக்கும்; அதை 14 மாதமாக மாற்றச் சொல்லுங்கள். அப்போதுதான் இந்தச் சித்திரைத் திருவிழா வியாபாரத்தைச் சென்ற சித்திரையோடு விரிவாக ஒப்பிட முடியும்.

கணக்கைப் படிக்கும்போது மொத்த எண்ணில் மயங்க வேண்டாம். 10 விநாடிக்கு மேல் நீடித்த வருகை, இரண்டு பக்கமாவது பார்த்த வருகை, நீங்கள் முக்கியம் எனக் குறித்த செயல் நடந்த வருகை ஆகியவற்றை அனலிட்டிக்ஸ் ஈடுபாடுள்ள வருகை என்று தனியே காட்டும், அதைப் பாருங்கள். வருகையாளர்களின் ஊர்ப் பெயரை முழுதாக நம்ப முடியாது. அது அவர்களின் இணைய இணைப்புக்குரிய ஐ.பி. முகவரி என்ற எண்ணை வைத்துக் கணிக்கப்படுவதால், உசிலம்பட்டியில் மொபைல் நெட்டில் பார்ப்பவர் சென்னைவாசியாகத் தெரியலாம். வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் அனுப்பும் லிங்க் வழியாக வருபவர்கள் பெரும்பாலும், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாதவர்களும் சேரும் 'நேரடி' வருகையில் கலந்துவிடுவார்கள். லிங்கின் முடிவில் அடையாளக் குறி சேர்த்து அனுப்பினால் தனியே பிரிந்து தெரியும்.

உங்கள் சிக்கலுக்கு விடை இருக்கக்கூடிய இடம், சேலையைக் கூடையில் சேர்த்தவர் எத்தனை பேர், முகவரி நிரப்பும் பக்கம் வரை வந்தவர் எத்தனை பேர், பணம் கட்டியவர் எத்தனை பேர் என்ற வரிசைதான். கூடையில் சேர்த்த பலர் அடுத்த பக்கத்தில் விலகியிருந்தால், உங்கள் மொபைலிலேயே ஒரு சேலையை வாங்கிப் பாருங்கள். கூரியர் கட்டணம் கடைசியில்தான் முளைக்கிறதா? பின்கோடு கட்டத்தை விசைப்பலகை மறைக்கிறதா? சேலையின் முந்தானையையும் முடிச்சுப் புள்ளிகளையும் நெருக்கத்தில் காட்டும் படம் இருக்கிறதா?

இந்த வரிசைக் கணக்கு தானாக வராது. தளத்தில் அதற்கான நிரலைச் சேர்க்க வேண்டும். பணம் கொடுக்கத் தகுந்த வேலை அது ஒன்றுதான், அதுவும் ஒருமுறைக் கட்டணமாக. எந்தெந்தச் செயல்கள் பதிவாகும், முடிந்தபின் சோதனை ஆர்டர் போட்டுக் காட்டுவார்களா, கணக்கின் உரிமை யாருக்கு என்பவற்றை எழுத்தில் வாங்கி, ரசீதும் பெற்ற பின்னரே பணம் கொடுங்கள்.