மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம்?

உங்கள் வீட்டிலும் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். "மூணு நாள் பார்க்கலாம்" என்பார் ஒருவர், "இப்பவே தூக்கிட்டு ஓடு" என்பார் இன்னொருவர். நானும் அப்படி நடுவில் நின்றவள்தான். நாள் கணக்கை நம்பி ஏமாந்ததால் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கும்பகோணம். நான்கு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில், ஆறு வயது மகளுக்கு 103 டிகிரி காய்ச்சல். டாக்டர் எடை பார்த்து பாராசிட்டமால் சிரப் எழுதினார். மூன்று நாளில் விடாவிட்டால் ரத்தம் பார்க்கலாம் என்றார். மூன்றாம் நாள் ராத்திரியே காய்ச்சல் விட்டுவிட்டது. அத்தை சாமிக்கு விளக்கேற்றினார். நானும் காலையில் ஆபீசுக்குக் கிளம்பினேன்.

போகும்முன் தலை பின்னிவிடலாம் என்று அவளை உட்கார வைத்தேன். உட்கார முடியாமல் என் மடியில் சரிந்தாள். "வயிறு வலிக்குதும்மா" என்றாள். விடியற்காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி. நெற்றியில் சூடே இல்லை, ஆனால் கையும் காலும் சில்லிட்டிருந்தன. கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள் என்று யோசித்தேன். முந்தின நாள் சாயங்காலம்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கக் கையில் சுற்றிய பட்டையைக் கழற்றினார்கள். அதற்குக் கீழே ஊசியால் குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். தோலை இழுத்துப் பிடித்தும் மறையவில்லை. "டெங்குவில் ஜுரம் விடுற நேரந்தாம்மா ஆபத்து" என்றார் டாக்டர். அப்போதுதான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகுமாம், பிரஷர் இறங்குமாம். இரண்டு நாள் ஐசியூவில் மணிக்கொரு தடவை சிறுநீரை அளந்து, அதற்கேற்ப டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிழைத்து வந்தாள்.

நான் டாக்டர் இல்லை. "சளிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடணுமா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: வேண்டாம். மூக்கு ஒழுகினாலும், காய்ச்சல் இறங்கிய நேரத்தில் பிள்ளை விளையாடி, தண்ணீர் குடித்து, ஒன்றுக்குப் போனால் ஒன்றிரண்டு நாள் வீட்டிலேயே பார்க்கலாம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 தொட்டாலே அன்றே காட்டுங்கள். மூச்சு வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், எழுப்பினாலும் கண் சொருகினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கையில் இரும்புச் சாவி கொடுத்துக்கொண்டு நேரத்தை விடவும் வேண்டாம்.

நிலவேம்புக் கஷாயத்தைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். என் அத்தையும் கொடுத்தார். கொடுத்தாச்சே என்று பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதைத்தான் சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மருந்தில் இபுப்ரோஃபென் இருந்தால் டெங்கு சந்தேகத்தில் அது ரத்தக்கசிவை அதிகமாக்கும். அப்புறம் பாராசிட்டமாலிலேயே சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் அளவில் அதை ஊற்றினால் விபரீதம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நான்கு வருடமாக மனதில் கிடக்கிறது. அவள் ஐசியூவில் இருந்தபோது பள்ளியிலிருந்து போன், லீவ் லெட்டர் வரவில்லையாம். ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைகளுக்கு அங்கே ஆண்டு விழா மேடையில் சான்றிதழ் கொடுப்பார்கள். கையில் ஊசியோடு படுத்திருந்தவள், "எனக்கு சர்ட்டிபிகேட் போச்சாம்மா" என்று அழுதாள். அந்த வருடம் அதை வாங்கிய பையன் அம்மைக் கொப்புளத்தோடு இரண்டு நாள் வகுப்பில் இருந்தவன். இரண்டு வாரம் கழித்து அந்த வகுப்பில் ஐந்து பேருக்கு அம்மை.