மலை இறக்கத்தில் நியூட்ரல் மிச்சம் தருமா?

கேள்வி: வாரந்தோறும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குக் காரில் சென்று வருகிறேன். இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் என் மாமனார். முப்பது ஆண்டுகள் வண்டி ஓட்டியவர் என்பதால் மறுத்துப் பேசவும் தயக்கமாக இருக்கிறது. அவர் சொல்வது சரியா?

பதில்: அவர் ஓட்டிப் பழகியது கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும், கணினி இல்லாத பழைய கருவி) வைத்த அம்பாசிடராகவோ பழைய மாருதி 800 ஆகவோ இருந்திருந்தால், அந்தக் காலக் கணக்கில் அவர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. கணினி சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்றைய இன்ஜெக்டர் வண்டியில் நிலைமை தலைகீழ். கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதுமாக எடுத்துவிட்டால், இறக்கத்தில் உருளும் சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுகின்றன என்பதை உணர்ந்து, வண்டியிலுள்ள கணினி எரிபொருளை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலுக்கு மாற்றினாலோ, இன்ஜின் அணைந்துவிடாமல் இருப்பதற்காகவே எரிபொருள் செலவாகிக்கொண்டிருக்கும். சிறிய காருக்கு அது மணிக்கு அரை லிட்டருக்கு மேலேயே போகலாம். ஆக, மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவைத்தான் கூட்டிக்கொள்கிறீர்கள்.

பெட்ரோலை விடப் பெரிய விஷயம் பிரேக். நியூட்ரலில் இன்ஜினின் பிடிப்பு போய்விடுவதால், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் முழுப் பாரத்தையும் பிரேக்கே தாங்க வேண்டியிருக்கிறது. அது அளவுமீறிச் சூடேறினால் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் பிடிக்காது. மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்வது இதனால்தான். மாமனாரிடம் பெட்ரோல் கணக்கிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள், அது எடுபடும்.

கேள்வி: ஏர் ஃபில்டரைப் புதிதாக மாற்றியும் என் காரின் மைலேஜ் கூடவில்லை. ஏன்?

பதில்: உள்ளே வரும் காற்றின் அளவைப் பார்த்து, அதற்கேற்பவே கணினி பெட்ரோலைக் கொடுப்பதால், ஃபில்டர் அடைத்திருந்தால் வண்டியின் இழுவை குறையுமே தவிர மைலேஜ் பெரிதாகக் குறைவதில்லை. முதலில் டயர் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவே சரியானது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு. வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து பார்ப்பதே முறை.

அதுவும் சரியாக இருந்தால், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், தொட்டுவிடாமல், கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். இதைச் சொல்லியே மெக்கானிக்கிடம் விடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு ஃபில்டர் மாற்றித்தான் அனுப்புவார்.

கேள்வி: விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. குளிரில் பெட்ரோல் சுருங்கி, அதே லிட்டரில் கூடுதலாக அடங்கும் என்பதுதான் இந்த நம்பிக்கையின் அடிப்படை. ஆனால் பெட்ரோல் பங்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருப்பதால், காலைக்கும் மதியத்துக்கும் அதன் வெப்பநிலையில் சொல்லத்தக்க மாற்றம் இருப்பதில்லை. வரிசை இல்லாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள்.