கேளுங்கள், கதைப்போம்: குதிரையில் வந்த பாட்டுக்காரர்

கேள்வி (பொகவந்தலாவை வாசகர்): எனக்கு இப்போது 71 வயது. சின்ன வயதில் எங்கள் தோட்டத்து மைதானத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் காட்டினார்கள். பெரிய தொப்பி போட்ட ஒருவர் குதிரையில் இருந்துகொண்டே கிட்டார் வாசித்துப் பாடுவார், பாட்டு முடிந்த கையோடு திருடர்களைத் துரத்துவார். போன மாதம் பேரன் போனில் தேடி ‘ஜீன் ஓட்ரி’ என்று ஒருவரைக் காட்டினான். அதே முகம்! யார் இந்த மனிதர்?

பதில்: ஐயா, பேரன் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். ஜீன் ஓட்ரி 1907 செப்டெம்பர் 29ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தியோகா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். தாத்தா கிறிஸ்தவப் போதகர். கோயில் பாடகர் குழுவுக்கு ஆள் வேண்டும் என்று ஐந்து வயதுப் பேரனுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பையன் பன்னிரண்டு வயதில் 8 டொலருக்குத் தபாலில் ஒரு கிட்டார் தருவித்துக்கொண்டான். ஆனால் வயிற்றுப் பிழைப்பு என்று வந்தபோது போய்ச் சேர்ந்தது ரயில்வேயில், தந்தி அடிக்கும் வேலைக்கு.

எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். ஒக்லஹோமா பக்கத்தில் சின்னச் சின்ன ஸ்டேஷன்கள், இராக் கடமை, மணிக்கணக்கில் ஒரு தந்தியும் வராது, கிட்டாரை எடுத்துத் தனியாகப் பாடிக்கொண்டிருப்பார். என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர். மாடியில் கொழுந்து வாடிக்கொண்டிருக்கும், மெஷின் சத்தத்துக்கு மேலால் அவர் பாடுவது கீழே ரோட்டு வரைக்கும் கேட்கும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். நித்திரை வராமல் இருக்கப் பாடுகிற பாட்டுக்கு ஒரு தனிக் குரல் உண்டு, ஓட்ரியின் முதல் இசைத்தட்டுகளைக் கேட்டால் அது தெரியும்.

ஒரு நாள் தந்தி அனுப்ப வந்த ஒரு பிரயாணி அந்தப் பாட்டைக் கேட்டு, “நீ வானொலிக்குப் போக வேண்டியவன்” என்ற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனாராம். வந்தவர் வில் ரொஜர்ஸ், அன்றைக்கு அமெரிக்கா முழுவதும் தெரிந்த நகைச்சுவைக் கலைஞர். இது ஓட்ரி வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்த கதை. சரி, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பதிவில் இருக்கிறது: 1928இல் டல்சா நகர வானொலி, பிறகு சிக்காகோ வானொலி, 1931இல் வயதான தகப்பனை நினைத்துப் பாடும் ஒரு பாட்டு இசைத்தட்டாக வந்து பெரிய விற்பனை, 1934இல் முதன்முதலாகத் திரையில் ஒரு சின்ன வேடம், 1935இல் ரிபப்ளிக் என்ற கொம்பனிக்குக் கதாநாயகன்.

அந்தப் படங்கள் குறைந்த செலவில் சில வாரங்களில் எடுத்து முடித்தவை. பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஓடும். மொத்தம் 93 படங்கள். பொருளாதாரம் சரிந்து கிடந்த காலம் அது, வேலையில்லாத சனம், நிலத்தை இழந்த விவசாயிகள். இவர் படத்தில் வருகிற வில்லனும் பல நேரம் துப்பாக்கிக்காரனாக இல்லாமல், ஏழைகளின் நிலத்தையோ தண்ணீரையோ தந்திரமாகப் பறிக்கப் பார்க்கிற பணக்காரனாக இருப்பான். குதிரை ஓடுகிற அதே ரோட்டில் மோட்டார் காரும் ஓடும், வீட்டில் ரேடியோவும் இருக்கும். உங்கள் தோட்டத்து மைதானத்தில், மொழி ஒரு சொல் விளங்காமலே எல்லாரும் கை தட்டியிருப்பார்கள் என்றால் அதற்குக் காரணம் குதிரை மட்டும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புகழின் உச்சியில் இருந்த 1942இல் ராணுவத்தின் விமானப் பிரிவில் சேர்ந்துவிட்டார், வானொலி நிகழ்ச்சியிலேயே சத்தியப் பிரமாணம் எடுத்தார். வெறுமனே மேடையில் பாடி வீரர்களை மகிழ்விக்கிற வேலை கொடுத்தார்கள், வேண்டாம் என்று விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, எரிபொருள் ஏற்றிய விமானத்தில் இமயமலைக்கு மேலால் பறந்தவர். 1998 அக்டோபர் 2ஆம் திகதி, 91 வயதில் காலமானார்.

கேள்வி (மஸ்கெலியா ஆசிரியை): நிஜமான கவ்போய்கள் பாடினார்களா, அல்லது அது சினிமாக்காரர்கள் கட்டிவிட்ட கதையா?

பதில்: பாடினார்கள் டீச்சர், ஆனால் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, ஏறத்தாழ இருபது வருடம், டெக்சாஸிலிருந்து ஆயிரக்கணக்கான மாடுகளை மாதக்கணக்கில் நடத்திக் கன்சாஸ் ரயில் நிலையங்களுக்குக் கொண்டு போனார்கள். இரவில் மந்தை படுத்திருக்கும்போது ஒரு சின்னச் சத்தம் போதும், ஓர் இடி, ஒரு சருகு மிதிபடுகிற சத்தம், மந்தை மொத்தமும் எழுந்து கண்மண் தெரியாமல் ஓடும், வழியில் நிற்கிற மனிதன் கூழ்தான். அதனால் காவலுக்கு நிற்கிற இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கமாக மந்தையைச் சுற்றி வந்துகொண்டு மெதுவாகப் பாடுவார்கள். மனிதக் குரல் தொடர்ந்து கேட்டால் மாடு பயப்படாது. கையில் கிட்டார் இருக்காது, வாயில் வந்த தேவாலயப் பாட்டோ, அம்மா பாடிய தாலாட்டோ, எது தெரியுமோ அது.

சம்பளம் மாதத்துக்கு முப்பது, நாற்பது டொலர்தான். கறுப்பின மக்களும் மெக்சிக்கர்களும் அந்த வேலையில் கணிசமாக இருந்தார்கள், சினிமா அவர்களைப் பெரும்பாலும் காட்டவே இல்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம். வேலை செய்தவனின் பாட்டு ஒரு பக்கம் போக, முகம் இன்னொரு பக்கம் போய்விட்டது. நம்முடைய தேயிலை மலையிலும் கொழுந்து பறிக்கும்போது கட்டிய எத்தனை பாட்டுக்கு, பாடிய பெண்ணின் பெயர் தெரியும்? சி.வி. வேலுப்பிள்ளை மாதிரி ஒருவர் மலையகப் பாடல்களைச் சேகரித்து அச்சில் ஏற்றியதால்தான் அந்த வரிகளாவது மிஞ்சின.

கேள்வி (ஹப்புத்தளை வாசகர்): பாட்டுக்கு நடுவில் குரலை உடைத்து உடைத்து ‘யோடலே’ என்று பாடுகிறாரே, அது எப்படி?

பதில்: அடிக்குரலிலிருந்து பொய்க்குரலுக்கு, அதாவது மெல்லிய உச்சக் குரலுக்கு, சட்டென்று தாவி, மறுபடி இறங்கி வருவது. சாதாரணப் பாடகர் அந்த இரண்டும் சேர்கிற இடத்தை மறைக்கப் பார்ப்பார், இவர்கள் அந்த உடைப்பையே அழகாக்கிவிட்டார்கள். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குக் கூப்பிடுகிற குரல் இது. நீங்கள் ஹப்புத்தளைக்காரர், மிஸ்ட் மூடியிருக்கும்போது இந்த மலையிலிருந்து அடுத்த மலைக்கு ஆளைக் கூப்பிடுகிறவர்கள் கடைசி எழுத்தை மேலே தூக்கி எப்படி இழுத்து விடுவார்கள் என்று கேட்டிருப்பீர்கள், கிட்டத்தட்ட அதுதான். அமெரிக்காவில் 1920களின் கடைசியில் இதைப் பிரபலமாக்கியவர் ஜிம்மி ரொஜர்ஸ், அவரும் ரயில்வே தொழிலாளிதான். ஓட்ரி ஆரம்பத்தில் அவரைப் பார்த்து அப்படியே பாடினார், தன் குரலைக் கண்டுபிடிக்கக் கொஞ்சக் காலம் எடுத்தது.

கேள்வி (ஹட்டன் வாசகர்): ஓட்ரியா, ரோய் ரொஜர்ஸா? யார் பெரியவர்?

பதில்: 1938இல் ஓட்ரி சம்பளத்துக்காகவும், தன் படம் வேண்டுமென்றால் கொம்பனியின் மற்றப் படங்களையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று தியேட்டர்காரர்களைக் கட்டாயப்படுத்துவதை எதிர்த்தும் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு வேலைநிறுத்தம் என்றால் யார் பக்கம் என்று யோசிக்கத் தேவையில்லை. கொம்பனி, லென்னர்ட் ஸ்லை என்ற இன்னொரு பாடகருக்கு ரோய் ரொஜர்ஸ் என்று பெயர் வைத்து அந்த இடத்தில் இறக்கியது. அவரும் பெரிய நட்சத்திரமானார், ஓட்ரியும் கூடின சம்பளத்துடன் திரும்பி வந்தார். குரலில் ரொஜர்ஸ் ஒரு படி மேல், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வழியை வெட்டியவர் ஓட்ரி.

கேள்வி (நுவரெலியா மாணவி): எங்கள் பாடசாலையில் நத்தாருக்குப் பாடுகிற சிவப்பு மூக்குக் கலைமான் பாட்டு இவருடையதா?

பதில்: பாடியது இவர், எழுதியது ஜொனி மார்க்ஸ், 1949. ஓட்ரிக்கு முதலில் பிடிக்கவில்லையாம், எல்லாரும் கேலி செய்து ஒதுக்கி வைத்த அந்தக் குட்டி விலங்கை நினைத்து மனம் இரங்கிய மனைவி அயினாதான் பாடச் சொல்லி வற்புறுத்தினார். அவருடைய இசைத்தட்டுகளிலேயே அதிகம் விற்றது அதுதான்.

கேள்வி (பண்டாரவளை வாசகர்): ஒரே ஒரு படம் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம் அண்ணா?

பதில்: 1935இல் வந்த 12 பகுதித் தொடர்ப்படத்தைத் தேடிப் பாருங்கள் தம்பி, பெயர் ‘த ஃபேன்டம் எம்பயர்’. பூமிக்கு அடியில் ஒரு ராச்சியம், அதற்கு ஒரு ராணி, இரும்பு மனிதர்கள், நடுவில் நம்முடைய கவ்போய். ராணியின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனாலும் சரி, மேலே கொள்ளைக்காரர்கள் சுட்டாலும் சரி, தினமும் நேரத்துக்கு வந்து வானொலியில் பாட்டுப் பாடியாக வேண்டும், தவறினால் ஒப்பந்தம் போய்விடும், பண்ணையும் போய்விடும். பூமிக்கு அடியிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, மைக்கின் முன்னால் நின்று ஒன்றும் நடக்காதது போலப் பாடத் தொடங்குவாரே, அந்தக் காட்சிக்காகவே பார்க்கலாம். வீட்டில் தாத்தா இருந்தால் அவரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.