பிபிசியின் 'அவுட்லுக்' இத்தனை வருடம் எப்படி ஓடுகிறது?

கேள்வி: பிபிசி உலக சேவையில் 'அவுட்லுக்' என்று ஒரு நிகழ்ச்சி 1966இலிருந்து வருகிறதாமே? மனிதர்களின் சொந்தக் கதைகளை வைத்துக்கொண்டே ஒரு வானொலி நிகழ்ச்சி இத்தனை காலம் எப்படி ஓடும்? நீங்கள் கேட்டதுண்டா?

கேட்டதுண்டு. 1987இலிருந்து கேட்கிறேன். முதல் ஏழெட்டு வருடம் தனியாகக் கேட்டது குறைவு. பக்கத்தில் ஆச்சி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இங்கிலீஷில் 'தேங்க் யூ' கூடத் தெரியாது. இந்த நிகழ்ச்சி ஏன் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது அவளால்தான். அதனால் பதில் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் ஒரு பழைய பிலிப்ஸ் ரேடியோ இருந்தது. பகலில் அது இலங்கை வானொலிக்குச் சொந்தம், ராத்திரி ஒன்பதே காலுக்குத் தமிழோசைக்குச் சொந்தம். எங்கள் தெருவில் பிபிசி என்றாலே தமிழோசைதான். லண்டனிலிருந்து இங்கிலீஷிலும் ஒன்று வருகிறது என்பதை நான் கண்டுபிடித்ததே, தமிழோசைக்காக முள்ளைத் திருப்பும்போது கை தவறி அடுத்த ஸ்டேஷனில் விழுந்ததால்தான். மணி அடிக்கப் போகும் நேரத்தில் 'லில்லிபுல்லேரோ' என்று ஒரு அணிவகுப்பு மெட்டு வரும். அப்புறம் கிரீன்விச் நேரத்துக்கு 'பிப் பிப்' என்று ஒலி. 'திஸ் இஸ் லண்டன்' என்ற குரல் வந்தால் ஏதோ பெரிய வீட்டு வாசலில் நிற்பது போல இருக்கும். கல்லூரியில் முதல் வருடம். இங்கிலீஷ் வகுப்பில் வாயைத் திறக்கப் பயந்தவனுக்கு இது இலவச டியூஷன். எழுதிப் போட்டால் 'லண்டன் காலிங்' என்ற நிகழ்ச்சி நிரல் புத்தகத்தைக் காசில்லாமல் தபாலில் அனுப்புவார்கள். அதில் அவுட்லுக் என்ற பெயரைப் பார்த்து, வியாபார நிலவரமோ வானிலையோ என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டால், யாரோ ஒரு பெண் தன் அண்ணனைத் தேடின கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சிற்றலை, அதாவது ஷார்ட் வேவ், கேட்டவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். ஸ்டேஷன் ஒரே சீராக இருக்காது, போய்ப் போய் வரும். உலக சேவைக்கு ஓமனில் மசீரா தீவிலும் சிங்கப்பூரில் கிராஞ்சியிலும் ஒலிபரப்பை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையங்கள் இருந்தன. இருந்தும் அலை வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி நம் முருங்கை மரத்தில் கட்டின செம்புக் கம்பிக்கு வந்து சேர்வது அன்றைய வானத்தின் இஷ்டம். நல்ல கட்டத்தில் குரல் குழியில் விழுந்து அரை நிமிடம் கழித்து மேலே வரும். அதற்குள் அங்கே ஒருவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். போதாததற்கு எவரெடி செல் பலவீனமானால் வெயிலில் காயப்போட்டு எடுப்போம். அதற்கு ஆயுள் இரண்டு நாள்.

ஆச்சி மாலையில் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்வாள். நான் ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஏலே, நீ மட்டும் சிரிக்க. என்ன சொல்லுதான்னு எனக்கும் சொன்னா குறைஞ்சா போயிருவ?" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது இந்த மொழிபெயர்ப்பு உத்தியோகம். எனக்குப் பாதி புரியும், மீதி ஊகம். பாகிஸ்தானில் ஒரு அம்மா, பெருவில் ஒரு வாத்தியார், எங்கேயோ பனியில் வழி தவறின ஒரு ஆள், எல்லோரும் எங்கள் திண்ணையில் திருநெல்வேலித் தமிழ் பேசினார்கள். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் ஆச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "பொறவு?"

இப்போது யோசித்தால் அந்த நிகழ்ச்சியை நடத்துகிறவர்கள் கேட்பதும் அதே கேள்விதான். ஆரம்பத்திலிருந்து முப்பது வருடத்துக்கு மேல் தொகுத்து வழங்கிய ஜான் டிட்மார்ஷ் ஆகட்டும், 2008இல் வந்த மேத்யூ பேனிஸ்டர் ஆகட்டும், பிறகு வந்த ஜோ ஃபிட்ஜன், எமிலி வெப் ஆகட்டும், விருந்தாளியிடம் 'இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன' என்று கேட்டு நான் கேட்டது அபூர்வம். கதவு எந்தப் பக்கம் இருந்தது, அப்போது என்ன போட்டிருந்தீர்கள், அவர் முதலில் என்ன சொன்னார், பிறகு? கருத்தைக் கேட்டால் மனிதர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவார்கள். கதவு எந்தப் பக்கம் என்று கேட்டால் ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வது போல இருக்காது. பேனிஸ்டர் ஒரு காலத்தில் பிபிசியின் பாப் இசை நிலையமான ரேடியோ ஒன்றையே நிர்வகித்தவர். அவ்வளவு பெரிய அதிகாரி, விருந்தாளி தொண்டை அடைத்து நிற்கும்போது தானும் வாயை மூடிக்கொண்டு இருப்பார். வானொலியில் மூன்று விநாடி மௌனம் என்பது பெரிய விஷயம். நம் ஊர் பண்பலையில் அந்த மூன்று விநாடிக்குள் இரண்டு விளம்பரமும் ஒரு சிரிப்பும் வந்துவிடும்.

ஆரம்பத்தில் இப்படி முழுக்க மனிதக் கதையாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1966 ஜூலையில், இங்கிலாந்தில் உலகக் கோப்பை கால்பந்து நடந்த அதே மாதத்தில், ஒரு பத்திரிகை மாதிரியான கலவையாகத்தான் தொடங்கியது. நான் கேட்க ஆரம்பித்த காலத்திலும் புத்தகம், பாட்டு, கண்டுபிடிப்பு என்று துண்டு துண்டாக வரும். போகப் போகத்தான் தனி மனிதர் கதையே நிகழ்ச்சி என்று ஆனது. பழைய கலவையே நன்றாக இருந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

பிபிசியிலேயே இதைவிட வயதான நிகழ்ச்சிகள் இருந்தன. அலிஸ்டர் குக்கின் அமெரிக்கக் கடிதம் 1946இலிருந்து 2004 வரை ஒரே மனிதர் குரலில் 2,869 முறை வந்தது. வெளிநாட்டு நிருபர்கள் தாங்கள் கண்டதைப் படிக்கும் நிகழ்ச்சி 1955இலிருந்து வருகிறது. இரண்டும் அருமை. ஆனால் அங்கே பேசுகிறவர் பார்த்தவர். அவுட்லுக்கில் பேசுகிறவர் பட்டவர். ஆச்சிக்கு நிருபர்கள் நிகழ்ச்சியை ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "இவன் அடுத்த வீட்டுக் கதையில்லா சொல்லுதான்" என்று எழுந்து போய்விட்டாள்.

இன்னொன்று, இங்கிலீஷ் தெரியாத விருந்தாளி வந்தால் முதல் இரண்டு மூன்று விநாடி அவருடைய சொந்தக் குரல் கேட்கும். பிறகு அது கீழே இறங்கி, மேலே மொழிபெயர்ப்புக் குரல் ஏறும். நான் அந்த முதல் விநாடிகளை வீண் என்று நினைப்பேன். ஆச்சி அதற்குத்தான் காத்திருப்பாள். கீரை ஆய்கிற கை நிற்கும். "இவ வயசானவ. புள்ளைய பறிகொடுத்தவ" என்பாள். ஐந்து நிமிடம் கழித்து லண்டன்காரி இங்கிலீஷில் அதையே சொல்லுவாள். எல்லாத் தடவையும் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை சமையல்காரர் ஒருவரைப் 'பாவம், செயிலுக்குப் போனவன்' என்றாள்.

சரி, லெபனானின் பெய்ரூட்டில் நடந்த ஒரு கதைக்கு வருகிறேன். உலக சேவையைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட முடியாது. கான்டர்பரி பேராயரின் தூதராக, பிணைக் கைதிகளை மீட்கப் பேச்சு நடத்தப் போன டெரி வெயிட்டையே 1987 ஜனவரி 20ஆம் தேதி பெய்ரூட்டில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 1,763 நாள். அதில் கிட்டத்தட்ட நாலு வருடம் தனிமைச் சிறை, சங்கிலி, புத்தகம் கிடையாது, பேச ஆள் கிடையாது. பிற்பாடு பக்கத்து அறையில் இருந்த கைதிகளோடு சுவரைத் தட்டிப் பேச ஆரம்பித்தார். ஏ என்றால் ஒரு தட்டு, பி என்றால் இரண்டு, இசட் வந்தால் இருபத்தாறு. காவலாளிக்குக் கேட்காமல் தட்ட வேண்டும், நடுவில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தட்ட வேண்டும். வெளியுலகச் செய்தி அவருக்கு வந்தது இந்தத் தட்டில்தான். கடைசிக் காலத்தில்தான் அவருக்கே ஒரு சின்ன ரேடியோ கிடைத்தது.

1991 நவம்பரில் விடுதலையாகி இங்கிலாந்து விமானப்படைத் தளத்தில் இறங்கியதும் அவர் பேசிய பேச்சை அன்று ராத்திரி கேட்டேன். உலக சேவைக்கு நன்றி சொன்னார், எங்களை உயிரோடு வைத்திருந்ததில் அதற்குப் பங்கு உண்டு என்ற பொருளில். அப்புறம் ஒரு தபால் அட்டைக் கதை சொன்னார். அத்தனை வருடத்தில் ஒரு காவலாளி ஒரே ஒரு அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தானாம். படத்தில் பெட்ஃபோர்ட் சிறையில் இருக்கும் ஜான் பன்யன் என்ற ஆங்கில எழுத்தாளர், முந்நூறு வருடத்துக்கு முந்தைய கைதி. அதைப் பார்த்து வெயிட்டுக்குப் பொறாமை. உனக்கு ஜன்னல் இருக்கிறது, வானம் தெரிகிறது, பேனா, மை, மேஜை, நாற்காலி, உன் சொந்தத் துணி, நீ அதிர்ஷ்டக்காரன் அப்பா என்று நினைத்தாராம். பின்னால் திருப்பினால் முன்பின் தெரியாத யாரோ, உங்களை மறக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

அந்தப் பேச்சை நான் ஆச்சிக்குச் சொன்னேன். அவள் கேட்டது அட்டையைப் பற்றி இல்லை. "சுவத்துல தட்டித் தட்டியா சொன்னானுவோ? அடுத்த ரூம்பு ஆளு என்ன தட்டுனான், அதச் சொல்லு" என்றாள். அவளுக்கு அந்தத் தட்டு உடனே பிடிபட்டுவிட்டது. நான் அவளுக்குச் செய்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய அந்த வேலைதானே.

இத்தனை காலம் எப்படி ஓடுகிறது என்று கேட்டீர்கள். நிலைய வரலாறு என்று பார்த்தால் ஓடியிருக்கவே கூடாது. 1941இலிருந்து உலக சேவையின் வீடாக இருந்த புஷ் ஹவுஸை 2012 ஜூலையில் காலி செய்தார்கள். அதே 1941இல் பிறந்த தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. அன்றைக்கு நான் மட்டும் உட்கார்ந்து கேட்டேன், வீட்டில் யாருக்கும் அது ஒரு செய்தியாகவே படவில்லை. சிற்றலை போனாலும் அவுட்லுக் பாட்காஸ்ட்டில் குடியேறிவிட்டது. அதே குழு 'லைவ்ஸ் லெஸ் ஆர்டினரி' என்ற பெயரில் நீண்ட கதைகளைப் போடுகிறது. செலவு என்று பார்த்தாலும், ஒரு மைக், ஒரு நாற்காலி, பேச மனமுள்ள ஒரு ஆள், இவ்வளவு போதும். கதை தீர்ந்துபோகும் தொழிலும் இல்லை இது.

குறை இல்லாமல் இல்லை. இப்போதெல்லாம் சோகம் வருவதற்கு முன்பே பியானோ வந்துவிடுகிறது. ஆரம்பத்திலேயே கதையின் முக்கால்வாசியை முன்னோட்டமாகச் சொல்லிவிடுகிறார்கள். 'உத்வேகம் தரும் கதை' என்று தலையில் கட்டுவதும் எனக்கு ஆகாது. பட்டவருக்கே உத்வேகம் கிடைத்ததா என்று தெரியாத கதைகள்தான் எனக்குப் பிடித்தவை. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை: விளக்கக் குறிப்பைப் படிக்காமல் கண்ணை மூடி ஏதாவது ஒன்றைத் தொட்டுக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. 1989 என்று நினைக்கிறேன், மழைக்காலம். கடலில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். படகில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, ராத்திரி தூரத்தில் ஒரு கப்பல் விளக்கு தெரிகிறது, சட்டையைக் கழற்றி ஆட்டுகிறார். ஆச்சி கீரையைக் கீழே வைத்துவிட்டாள். அவளுடைய அண்ணன் ஒருவர் தோணியில் கொழும்புக்குப் போய்த் திரும்பாதவர். அந்த இடத்தில் ஸ்டேஷன் போய்விட்டது. முள்ளைத் திருப்புகிறேன், கம்பியைப் பிடிக்கிறேன், ஒரே இரைச்சல். திரும்ப வந்தபோது வேறு யாரோ பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பொறவு?" என்றாள் ஆச்சி.

கப்பல் நின்றது, ஏணி போட்டார்கள், அவருக்குக் கஞ்சி கொடுத்தார்கள், எட்டாம் நாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார் என்று சொன்னேன். இரைச்சலுக்கு நடுவில் கேட்டது போல ரேடியோவை வேறு காதில் வைத்துக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "கஞ்சியா குடுத்தான், வெள்ளக்காரன்?" என்று கேட்டுவிட்டு மறுபடி கீரையை எடுத்தாள்.